புகைப்படத்தில் இருந்த கணு

முதியவர் லெயோகாதியோ தன் வயலினை என் மேசையில் வைத்தார்.

"மகளே, இது சும்மா பழைய வயலின்னு எழுதிக் குடுத்துடு. மாட்ரிட்லேருந்து என் பொண்ணு எனக்கு டிக்கெட் போட்டுட்டா."

ஹவானாவில் எங்கள் வாத்தியப் பட்டறையின் சான்று இல்லாமல் பழைய வாத்தியம் விமானம் ஏறாது. அரிய பொருள் என்று எழுதினால் நாட்டிலேயே தங்கிவிடும்.

வாசலில் காப்பி விற்கும் ஒமைதா சிரித்தாள். "மொந்தால்வான் வாசிச்சது, மொந்தால்வான் வாசிச்சதுன்னு தெருவையே சாகடிச்சீங்களே! இப்ப சும்மா வயலினா?"

"போடி. உன் காப்பியில பாதி பட்டாணிப் பொடி."

மொந்தால்வான் எங்கள் ஊர்க் கறுப்பர். நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவின் அரங்குகளை நிறைத்தவர். பாரிசில் ஒருவர் அவருக்கென்றே செய்த வயலின் காணாமல் போய்விட்டது. பட்டறைச் சுவரில் இருக்கும் புகைப்படத்தில், அதன் ஒலித்துளைக்கு அருகே ஒரு மரக்கணு கரும்புள்ளியாகத் தெரியும்.

"இதுல கணு இல்லைங்க ஐயா," என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றார். முகம் வாடிவிட்டது.

பழக்கதோஷம். ஜன்னலைச் சாத்தி புற ஊதா விளக்கைப் போட்டேன். பழைய மெருகு ஒளிர்ந்தது. ஒலித்துளைக்கு அருகே பயறளவு இடம் மட்டும் இருண்டு கிடந்தது. பிற்காலத்தில் யாரோ எதையோ மறைக்கப் பூசிய புது மெருகு. சிறு கண்ணாடியை உள்ளே விட்டேன். உட்புறத்தில் கணு அப்படியே இருந்தது. படத்தில் இருந்த அதே இடம்.

அவரும் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் பொய்யன் இல்ல."

"இல்லைங்க ஐயா."

விளக்கை அணைத்தேன். பிறகு நானே மெதுவாகச் சொன்னேன். "நாம ரெண்டு பேர்தான் பார்த்தோம். சும்மா வயலின்னே எழுதிடறேன்."

"அங்க அஞ்சாவது மாடி. பொண்ணு வேலைக்குப் போயிட்டா பேச ஆளில்ல. இதுவாவது கூட இருக்கும்னு நெனச்சேன்." நரம்பை ஒருமுறை தொட்டார். "ஆனா எவனாவது கேட்டா, சும்மா வயலின்னு என் வாயால சொல்லணுமே. முடியாது மகளே. உள்ளதை எழுது."

எழுதினேன்.

கிளம்பும் நாளன்று, காலி வயலின் பெட்டியைக் கையில் பிடித்தபடி பட்டறையைக் கடந்து போனார்.

"உள்ள என்னங்க, கருவாடா?" என்றாள் ஒமைதா.

"காத்து. கை பழகிடுச்சு."

தெருமுனையில் நின்று, கனம் தாங்காதவரைப் போலப் பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.