ஸக்கரியாவின் இடது கண்

கண்ணில் உமி அடித்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றுதான் ஸரீனா சொன்னாள். பிறகு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிவிட்டாள். சொல்லும் ஒவ்வொரு தடவையும் கோபம் கிளம்பும்.

அது மாரி மழையில் விதைத்த பெரும்போக நெல்லின் அறுவடை. கலேவெலையிலிருந்து உள்ளே போகிற பாதையோரம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். வெட்டு மெஷின் இறங்க முடியாத சேற்று மூலையை அவளுடைய புருஷன் ஸக்கரியா கையால் அறுத்து, கதிரைச் சூடடிக்கிற மெஷினில் போட்டுக்கொண்டிருந்தார். பதரோடு பறந்த உமி ஒன்று இடது கண்ணில் அடித்தது. வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கழுவினார், உடுத்திருந்த சாரன் நுனியால் கசக்கினார், மறுபடி மெஷினுக்கே போய்விட்டார். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது கண் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது.

மெஷின் நாளைக்கு வேறு வயலுக்குப் போய்விடும், ஒரு உமிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றால் ஊரே சிரிக்கும் என்றார். முப்பது வருஷமாக இந்தப் பேச்சுத்தான். மண்வெட்டி காலில் பட்டால் கோப்பித்தூளை அப்புவார். ஆணி ஏறினால் மண்ணெண்ணெய் ஊற்றுவார். ஒருமுறை அரிவாள் கிழித்த உள்ளங்கையைச் சீலைத்துணியால் கட்டிக்கொண்டு நாற்று நட்டவர். அதையெல்லாம் பெருமையாக வேறு சொல்லித் திரிவார்.

மூன்றாம் நாள் அவருடைய மூத்த சகோதரி றுக்ஸானா வந்தாள். போன வருஷம் தன் கண்ணில் வளர்ந்த வெள்ளையை ஒப்பரேஷன் செய்து எடுத்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்ததாம். நல்ல மருந்து, கண் சிவப்பு ஒரே நாளில் இறங்கும் என்று போத்தலை ஸரீனாவின் கையில் வைத்தாள். புருஷன் ஆஸ்பத்திரிக்கு அசைவதாக இல்லை. இதாவது செய்வோம் என்று ஸரீனா அவர் தலையை மடியில் சாய்த்து, இமையை விரித்து, நாளுக்கு நாலு முறை அவளே ஊற்றினாள். சிவப்பு உண்மையிலேயே இறங்கியது. நோவும் குறைந்தது. "பார்த்தியா?" என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

ஏழாம் நாள் நோவு திரும்பி வந்தது. கலேவெலையில் துணிக்கடையில் வேலை செய்கிற மகள் ஆதிபா, டெலிபோன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்று இருக்கிறது என்றாள். நெல்லைக் காயப்போட்டு மூட்டை கட்டிவிட்டுப் போகலாம் என்றார் ஸக்கரியா. அதற்கு இன்னும் இரண்டு நாள் போயிற்று. ஒன்பதாம் நாள் காலையில் அந்தக் கண்ணால் பகல் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு ஸரீனா அவரைக் கேட்கவில்லை. சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி, பல்லேபொல, பலாபத்வல எல்லாம் தாண்டி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கண் டொக்டர் ஒரு இளம் பெண். கண்ணுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். ஸரீனா பையிலிருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தாள். டொக்டர் அதை வாசித்துப் போத்தலை மேசையில் வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். இது ஒப்பரேஷன் செய்த கண்ணில் வீக்கம் இறங்கக் கொடுக்கிற மருந்து. உமி பட்ட கண்ணுக்குள் பூஞ்சணம் போயிருக்கிறது. இந்த மருந்து சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே அதை வளர விட்டிருக்கிறது.

"முதல் நாளே வந்திருந்தா கழுவி, சரியான மருந்து போட்டிருப்பம். பெரும்பாலும் பார்வை தப்பியிருக்கும்."

மணிக்கு ஒரு தரம் மருந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரி வாட்டில். ஆனாலும் கருவிழி ஓட்டையாகிவிட்டது. கடைசியில் கண்ணையே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் வயல்காரர்கள் ஐந்தாறு பேர் சுகம் விசாரிக்க வந்தார்கள். ஸரீனா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வெளியே சிரிப்புச் சத்தம். ஒருவர் நகம் போன கால்விரலைக் காட்டினார். இன்னொருவர் மடங்காத விரலைக் காட்டினார். பக்கத்து வயல் நப்லான், முந்தாநாள் மண்வெட்டி வெட்டிய காலை ஷொப்பிங் பேக்கால் சுற்றிக்கொண்டு அப்படியே சேற்றுக்குள் இறங்கியதாகச் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். ஸக்கரியாவும் கட்டுப் போட்ட கண்ணோடு சிரித்து, "என்ன செய்ற, எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார்.

ஸரீனா தட்டை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அல்லாஹ் மேல போடாதீங்க" என்றாள். "மாத்தளையில ஆஸ்பத்திரிய வெச்சிருந்தான், டொக்டர வெச்சிருந்தான், வாசல்ல பஸ்ஸ வெச்சிருந்தான். போகாம இருந்தது நீங்க."

ஆட்களுக்கு முன்னால் அவள் இப்படிப் பேசியதே கிடையாது. ஸக்கரியாவின் முகம் சுருங்கியது. அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"மருந்த ஊத்தினது நீதானே."

அது ஸரீனாவுக்கு எங்கே படவேண்டுமோ அங்கே பட்டது. ஆனால் அவள் உள்ளே ஓடவில்லை.

"ஓம், நான்தான் ஊத்தினேன். என்ட கையாலதான் ஊத்தினேன். ஊர் பூரா நானே சொல்றேன். நீங்க ஒன்பது நாள் போகாம இருந்தத நீங்க சொல்லுங்க."

பிறகு நப்லான் பக்கம் திரும்பினாள். எழும்பு, ஓட்டோவைக் கூப்பிடு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லாவிட்டால் இந்த வாசலை இனி மிதிக்காதே என்றாள். ராத்தா, இது சின்ன வெட்டு என்று மூத்த அக்காவிடம் சொல்வதுபோல அவன் தொடங்கினான். அவர் கண்ணில் பட்டது அதைவிடச் சின்னது என்றாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். மற்றவர்களும் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனார்கள்.

இரண்டு நாள் கழித்து நப்லானின் பெண்சாதி நிஷ்மியா வேலியருகே வந்து சொன்னாள். காயத்துக்குள் சேறு இருந்ததாம், வெட்டித் திறந்து கழுவி, டெட்டனஸ் ஏற்பு ஊசியும் போட்டு, வாட்டில் வைத்திருக்கிறார்களாம். கால் தப்பியது. நப்லான் மட்டும் அதற்குப் பிறகு ஸரீனாவோடு பேசுவதில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

ஸக்கரியாவும் அவளும் ஒரு கிழமை, ஏழு நாளும், தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அடுத்த கிளினிக் நாள் வந்தது. பஸ்ஸில் ஏறியதும், இடது பக்கம் ஆள் வருவது தெரியவில்லை, அந்தப் பக்கம் நீ இரு என்றார். இருந்தாள். முன் சீட்டில் இருந்த வயசான சிங்கள மனிதர் ஒருவர், அவரும் வயல்காரர்தான், திரும்பிப் பார்த்துக் கண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஸக்கரியா வாயைத் திறந்தார், பிறகு திரும்பி ஸரீனாவைப் பார்த்தார்.

உமி பட்டது, ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். கண்ட மருந்தையும் போட்டோம் என்றார். போட்டோம் என்றுதான் சொன்னார், போட்டாள் என்று சொல்லவில்லை.

ஸரீனா மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் ஆறவில்லை. ஆறும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது அவர் இடப்பக்கமாகச் சாய்ந்தார். அவள் தோளைக் கொடுத்தாள்.