நிமாத்தைச் சுற்றிய வெள்ளை வட்டங்கள்

ஓம்துர்மான் நகரில் பெண்கள் கூடும் விசேஷங்களுக்குப் படம் எடுக்க மவாஹிபை விட்டால் ஆள் கிடையாது என்று பேர். அந்தப் பேருக்குப் பங்கம் வந்துவிடக்கூடாதே என்றுதான் அன்றைக்கு அவள் உண்மையை விழுங்கினாள். விழுங்கியதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. "என் கேமராவுல ஒரு கோளாறும் இல்ல, ஹாஜ்ஜா" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

கேமராவில் கோளாறா என்று கேட்டவள் மாப்பிள்ளையின் அம்மா சித் அல்பனாத். மகன் முத்தஸிமின் கல்யாணத்தில் நடந்த ஜிர்திக் சடங்குப் படங்களை மடியில் பரப்பி வைத்திருந்தாள். மணமக்கள் வாயில் பாலை வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் துப்பி விளையாடிய படங்கள் பளிச்சென்று இருந்தன. அதற்கடுத்த படங்களில்தான் பெரிதும் சிறிதுமாக வெள்ளை வட்டங்கள் மிதந்தன. அவற்றில் எல்லாம் நிமாத் நின்றாள். அவள் இல்லாத படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

நிமாத் முத்தஸிமின் சித்தப்பா மகள். அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்த பெண். அவனோ தஸ்னீமைக் கட்டிக்கொண்டான். கல்யாணமான வாரமே தஸ்னீம் காய்ச்சலில் படுத்தாள். ஊர் வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"கேமராவுக்கே தெரியுது பாருங்கடி. இவ கண்ணுதான் பட்டிருக்கு!" என்றாள் சித் அல்பனாத். அதற்குப் பிறகு, பக்கத்து வீட்டிலேயே இருந்தும், நிமாத் அங்கே கால் வைக்க முடியவில்லை. அவள் தெருவில் இறங்கினால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவளுடைய அம்மாவே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள் என்று பேச்சு.

நிமாத் படும் பாட்டைக் கேள்விப்பட்டபின் மவாஹிபுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லென்ஸைத் துடைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தாள். சுத்தமாக இருந்தது. ஃபிளாஷ் போட்டு எடுத்தாள், அப்போதும் சுத்தம். தலையணையைத் தட்டித் தூசி கிளப்பி எடுத்தால் மங்கலாக நாலைந்து புள்ளி விழுந்தது, இவ்வளவு பெரிதாக இல்லை. கடைசியில் சென்ட் பாட்டிலை எடுத்துக் காற்றில் அடித்து, அடித்த கையோடு பொத்தானை அமுக்கினாள். திரை முழுக்க அதே வட்டங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கிற துளிமேல் ஃபிளாஷ் பட்டால் இப்படித்தான் ஊதிப்போய்த் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் படிக்கிற பாடம் இது. சித் அல்பனாத் கேட்டபோதே அவளுக்குப் பாதி தெரியும், அதுதான் வெட்கக்கேடு.

ஜிர்திக் அன்றைக்கு நிமாத் வம்பே வேண்டாம் என்று வாசற்படியோரம் ஒதுங்கி நின்றாள். மவாஹிப்தான் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன் தூண் மாதிரி நிக்கிற? இந்தா, பொண்ணு மாப்பிள்ளை மேல சென்ட் அடி. இன்னும் கிட்ட வா. எம்பக்கமா அடி, படம் ஜோரா வரும்!"

கேமராவைச் சோதித்துப் பார்த்த மறுநாள் சித் அல்பனாத் வீட்டில் பெண்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தஸ்னீம் காய்ச்சல் விட்டு, தோப் என்கிற நீளச் சேலையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தாள். மவாஹிப் விஷயத்தைச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அந்த வீட்டு சென்ட்டையே சித் அல்பனாத் தலைக்கு மேல் அடித்துப் படமெடுத்துக் காட்டினாள். கிழவியைச் சுற்றி வட்டமோ வட்டம்.

"ஐயையோ, ஹாஜ்ஜா கண்ணு நம்ம எல்லார் மேலயும் பட்டுருச்சுடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

சித் அல்பனாத் சிரிக்கவில்லை. "அப்போ அது அவ கையிலேருந்துதான் வந்திருக்கு. என்னத்த ஓதி அடிச்சாளோ!"

 யாரைக் காப்பாற்ற மவாஹிப் வந்தாளோ அவளையே இன்னும் ஆழமாகக் குழிக்குள் தள்ளியாகிவிட்டது. கேமராவின் மானம் மட்டும் பிழைத்தது.

"பாட்டில் உங்க தட்டுல இருந்தது, ஹாஜ்ஜா. எடுத்து அவ கையில திணிச்சது நான். அவ வரமாட்டேன்னுதான் சொன்னா, நான்தான் இழுத்தேன். நீங்க கேட்டப்போ எம்பேரு கெட்டுடும்னு மறைச்சேன். ஏதாவது சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க."

சித் அல்பனாத் அவளையே பார்த்தாள். "எங்க வீட்டுப் பொண்ண நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே, நீ இங்கதானே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த?"

"ஆமா."

"எந்திரி. இந்தத் தெருவுல எந்த விசேஷத்துக்கும் இனிமே நீ வரக் கூடாது."

மவாஹிப் எழுந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த நிமாத்தின் முகம் வாடிக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. நின்ற இடத்திலேயே மவாஹிப் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திட்டுவாள், அறைவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"தஸ்னீமுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்றாள் நிமாத்.

"விட்டுருச்சு. வெறும் மலேரியாதான்."

நிமாத் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு அவங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பாத்தப்போ எனக்கு வயிறெரிஞ்சது, மவாஹிப். அதனால, அவங்க சொன்னத நானும் நம்பிட்டேன். அவ பொழைக்கணும்னு அன்னியிலேருந்து நோன்பு புடிச்சுக்கிட்டிருக்கேன்."

மவாஹிப் உள்ளே போய் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னும் பொழுது சாயல, மக்ரிப் ஆகட்டும்" என்று நிமாத் அதை வாங்க மறுத்துவிட்டாள்.