தாளிக்காத புளித்தண்ணி

மகள் ரம்யாவுக்குப் பூ வைக்க ஆவணியில் நாள் குறித்த வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ கொதிக்கும்போதே கேஸ் தீர்ந்துபோனது. மாற்றுச் சிலிண்டர் கிடையாது. ரம்யாவின் அப்பா லிங்கராஜ் அண்ணாச்சி மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஒரு வீட்டுக்கு ஒரு சிலிண்டர் போதும் என்று வருஷக்கணக்காகச் சாதிக்கிற மனுஷன். ஏஜென்சிக்குப் போன் போட்டார். சாயங்காலம் வரும் என்றார்கள். "நான் மத்தியானம் ஓட்டல்ல பாத்துக்கிடுதேன்" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். அவர் கவலை அத்தோடு தீர்ந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் அடுப்படி ஜன்னலும் அண்ணாச்சி பெண்டாட்டி உமாராணியின் அடுப்படி ஜன்னலும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்பவை. காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்?

பதினோரு மணி வாக்கில் உமாராணிக்குப் போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அம்மா முத்துக்கனி. ஸ்பீக்கரில் போட்டுத்தான் உமாராணி பேசுவாள், நல்ல பழக்கம்.

"திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டுத் திரும்புதோம் மதினி. ஆத்தூரத் தாண்டிட்டோம். சும்மா தலையக் காட்டிட்டுப் போயிருதோம். ஒண்ணும் செய்யாதீங்க என்ன?"

சாப்பாட்டு நேரத்தில் வந்து இறங்குகிறவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

"ஓட்டல்ல வாங்கிருவோமாம்மா?" என்றாள் ரம்யா.

"சம்பந்தி வீட்டு ஆளுக்குப் பொட்டலத்தப் பிரிச்சு வைக்கவா? நாளைக்கு உன்னய சமைக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைம்பாவ."

என் வீட்டில் நிரம்பிய சிலிண்டர் ஒன்று சும்மா கிடந்தது. உமாராணி கேட்கவில்லை. கேட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்திருப்பாள். அநியாயமான நினைப்பு. இரண்டு வீட்டுக்கு மேல் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் அலமாரியைத் திறந்தாள். வறுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்த காணம் இருந்தது. வெளியூரில் கொள்ளு என்பார்கள். அதோடு தேங்காய், வத்தல், பூண்டு, கொஞ்சம் புளி எல்லாம் மிக்ஸிக்குள் போயின. கரண்ட் குக்கரில் சோறு வெந்தது. இன்னொரு பக்கம் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்புப் போட்டுக் கையாலேயே பிசைந்து, கருப்பட்டி ஒரு துண்டைத் தட்டிப் போட்டு, மேலே கொத்தமல்லியைக் கிள்ளினாள். அடுப்பையே பார்க்காத புளித்தண்ணி. தொட்டுக்கொள்ளக் காணத்துவையல். கடைசியில் கெட்டித் தயிரும் நார்த்தங்காய் ஊறுகாயும். அந்த வெயிலுக்கு வேறென்ன வேண்டும்? வாசனை ஜன்னல் தாண்டி வந்து, நான் வைத்திருந்த சாம்பாரைக் கேலி செய்தது.

கருவேப்பிலை கொடுக்கிற சாக்கில் போய் நின்றேன். மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்கனி, அவளுடைய அக்கா இசக்கிசெல்வி, பையன் செந்தூர்வேல். பையனுக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை. அமைதியான பிள்ளை. அமைதியை அதுவரை நாங்கள் எல்லோரும் நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். ரம்யாவுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் தட்டையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பையன் சாப்பிட்ட சாப்பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். துவையலை உருட்டி சோற்றில் வைத்து, புளித்தண்ணியை ஊற்றிப் பிசைந்து, தலை நிமிரவில்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று அவனாகவே கேட்டான்.

அப்போதுதான் இசக்கிசெல்வி கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுத் துழாவினாள். முத்துக் குளிக்கிறவன்கூட அப்படித் துழாவியிருக்க மாட்டான்.

"என்னளா முத்து, கடுகையே காணும்?"

"கேஸ் தீந்துபோச்சு மதினி. பச்சையாக் கரைச்சேன்" என்றாள் உமாராணி. "இத தாளிக்காமலும் வைப்போம்லா."

"வைப்போம், வைப்போம். எங்க மாமனார் செத்தன்னைக்கும் தாளிக்காமத்தான் வச்சாவ."

எங்கள் பக்கம் துட்டி விழுந்த வீட்டில் கடுகு போட்டுத் தாளிப்பதில்லை. அது உண்மைதான். ஆனால் இங்கே யார் செத்தார்கள்? சிலிண்டர்தான் செத்துப்போயிருந்தது.

முத்துக்கனி தட்டைத் தள்ளி வைத்தாள். "நல்ல காரியம் பேசின வீட்டுல துட்டிச் சோத்தப் போட்டுட்டு, கேஸு மேல பழியப் போடுதியளே மதினி. சாமி கும்பிட்ட வாயோட வந்தோம்." பிறகு மகனைப் பார்த்தாள். "எந்திலே."

வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. பையன் அம்மாவைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். ரம்யாவை மட்டும் பார்க்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டான். கார் கிளம்பிய பிறகும் உமாராணி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுந்ததும் அல்லாமல், போட்ட சோற்றுக்குச் சாவு முத்திரை வேறா?

அந்த வாரக் கடைசியில், சம்பந்தம் பேசி முடித்த ஞானையா அண்ணாச்சி சேதி கொண்டுவந்தார். உமாராணி அவர்கள் வீட்டுக்குப் போய் சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் "தெரியாமச் செஞ்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு தேங்காய்ப்பால் ஊற்றி சொதி வைத்து முறையாக ஒரு விருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் பூ வைக்க வர மாட்டார்களாம்.

"போயிட்டு வந்துருவோம். பிள்ள வாழ்க்கைலா?" என்றார் லிங்கராஜ் அண்ணாச்சி.

"என்னன்னு சொல்லச் சொல்லுதிய? கேஸ் தீந்ததுக்கு மன்னிச்சுக்கிடுங்கன்னா?" உமாராணியின் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "ஒத்தச் சிலிண்டர் போதும்னது நீங்க. அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க. வீட்டுல இருந்ததப் போட்டேன். நாளைக்கு எம்பிள்ள அங்க போய் ஒருநாள் கடுக மறந்துட்டா, அவளுக்கும் துட்டிக்காரின்னு பேரு வைப்பாவளா?"

"சரி, சத்தம் போடாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். அவ்வோ எப்ப கேக்காம இருந்தாவ?"

நான் மாடிக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டெல்லாம் இல்லை, மோர்மிளகாய் காயப்போட வேண்டியிருந்தது. ரம்யாவும் அவர்கள் மாடிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் நகராமல் செந்தூர்வேலுக்குப் போன் போட்டாள்.

"அன்னைக்குச் சாப்பாடு பிடிச்சிருந்துச்சா உங்களுக்கு? ... நல்லா இருந்துச்சுல்லா? அத உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அந்தப் பக்கம் என்னமோ நீளமாகச் சொன்னான்.

"அவங்க மனசு கஷ்டப்படுமா? சரி. எங்கம்மா அன்னைலருந்து சரியா சாப்பிடல. அது கஷ்டமில்லயா? ... நீங்க எங்கம்மாவுக்காகப் பேச வேண்டாம். எனக்கு நல்லா இருந்துச்சும்மான்னு உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

பிறகு ரொம்ப நேரம் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். என் மோர்மிளகாய் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுதீங்களா?" என்றாள். "வேண்டாம். அதுக்கு நான் அங்க வந்து காத்துக்கிட்டு இருக்க முடியாது."

போனை வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள். நானும் மிளகாயை விட்டுவிட்டு இறங்கி அவர்கள் வாசலில் போய் நின்றேன். அந்த நேரத்தில் யாரால் மேலே இருக்க முடியும்?

"அப்பா, ஞானையா மாமாவுக்குப் போன் போடுங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

லிங்கராஜ் அண்ணாச்சி மகள் முகத்தைப் பார்த்தார், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். போன் போட்டார். "அண்ணாச்சி, அது வந்து... ஜாதகத்த இன்னொரு எடத்துல பாத்தோம்..." என்று இழுத்தார்.

உமாராணி போனைப் பிடுங்கினாள்.

"ஜாதகமும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பிடிச்சத பிடிச்சிருக்குன்னு சொல்லுத மாப்பிள்ளையா இருந்தாப் பாருங்க, இவன் வேண்டாம். எம்பிள்ள சொல்லிட்டா."

ஞானையா அண்ணாச்சி அவசரப்படாதே, ராத்திரி யோசித்துக் காலையில் சொல் என்று கெஞ்சுவது எனக்கே கேட்டது. உமாராணி திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"இனிமே மாத்த முடியாது அண்ணாச்சி. பக்கத்து வீட்டு அக்கா இங்கனதான் நிக்காவ."