சவுக்குத் தோப்பில் ஒரு மண்கூடு

கிரிவலம் போகிறவர்கள் அந்தச் சவுக்குத் தோப்பைப் பார்த்தால் நின்று படம் எடுக்காமல் போகமாட்டார்கள். வரிசை தப்பாத மரம், பெருக்கிவிட்ட மாதிரி தரை. மொட்டைக் காட்டில் இப்படி ஒரு பச்சையைக் கொண்டுவந்த மகராசன் யார் என்று விசாரித்து, புகழேந்திக்குச் சால்வைகூடப் போட்டாகிவிட்டது. அவன் மனைவி சிந்துஜாவுக்கு மட்டும் அதற்குள் கால் வைத்தாலே மகள் ஞாபகம்தான் வரும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அங்கே புங்கனும் நுணாவும் ஆவாரையுமாகக் கலந்து நட்டிருந்தார்கள். நடுவில் பழைய பனை ஒன்று. அதில் கூடு கட்டியிருந்த கதண்டு வண்டுகள் கிளம்பி, ஆவாரம்பூ பறிக்கப் போன அவர்கள் மகள் கவிநிலாவைக் கொட்டித் தீர்த்தன. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு புகழேந்தி பனை உட்பட ஒன்று விடாமல் பிடுங்கிப்போட்டான். தேனில்லாத மரம் எது என்று பத்துப் பேரிடம் கேட்டு, சவுக்கு வாங்கிவந்து வைத்தான். அடியில் புல் முளைத்தால் மருந்தடிப்பான்.

நினைத்தபடியே ஆயிற்று. வண்டு இல்லை, தேனீ இல்லை, குருவிகூட அவசரமாகத் தாண்டிப் போயிற்று. காற்றடித்தால் மட்டும் மரங்கள் 'ம்ம்ம்' என்று இழுக்கும். கவிநிலா தனியாக விளையாடும்போது வாயை மூடிக்கொண்டு இழுக்கும் அதே சத்தம். முதல் தடவை கேட்டபோது சிந்துஜா, "இன்னா கண்ணு?" என்று பதிலே கொடுத்துவிட்டாள். புருஷனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் இந்த மரங்களையும் பிடுங்கிவிட்டால் அந்தச் சத்தமும் போய்விடுமே.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சர்தார் பாய் நிலம். அவர் நட்டதை நட்டபடி விட்டு, தானாக முளைத்ததையும் விட்டுவிட்டார். சோம்பேறிக் காடு என்று ஊரே சிரித்தது. பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் அவர் தம்பி மகள் அதீபா, இரண்டு நிலத்திலும், துளையுள்ள நாணல் குச்சிகளைக் கத்தை கத்தையாகக் கட்டித் தொங்கவிட்டாள். தனியாக வாழும் குளவியும் தேனீயும் அந்தத் துளைக்குள் முட்டையிட்டு வாயை அடைத்துவிடுமாம். எந்த மாதிரி காட்டுக்கு எவ்வளவு வருகின்றன என்று பார்க்கவேண்டுமாம். இவை கதண்டு மாதிரி கூட்டமாக வந்து கொட்டாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, சிந்துஜாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டாள். புகழேந்தியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நடக்கிற காரியமா? மழைக்குப் பிறகு மருந்தடிக்கத்தான் அவன் அங்கே போவான்.

பாய் பக்கம் குச்சிகள் மளமளவென்று அடைபட்டன. இந்தப் பக்கம் எல்லாம் வாயைத் திறந்தபடியே தொங்கின. பங்குனி வெயிலில் ஒருநாள் பார்த்தால், தோப்பின் நட்டநடுவில் ஒரே ஒரு குச்சியின் வாயில் ஈரமண். சிந்துஜா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். பிறக்கும்வரை கூட்டை யாரும் தொடமாட்டார்கள். மகள் போனதிலிருந்து அவள் வீட்டில் எந்தக் குளவியும் கட்டவில்லை. மாதாமாதம் நாள் தள்ளிப்போகிறதா என்று பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம். குளவி வராவிட்டால் என்ன, கூட்டை நாமே கொண்டுபோனால் ஆகாதா? குச்சியை உருவி முந்தானையில் முடிந்து, டவுனில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தாள். திருட்டுதான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தினமும் அதைக் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ பிராண்டுவது போல் கேட்டது. நிஜமாகவே கேட்டதா, கேட்கவேண்டும் என்று நினைத்தாளா, அது அவளுக்கே தெரியாது. பாய் காட்டுக் குச்சிகளில் குளவிகள் மண்ணைத் துளைத்து வெளியே பறந்துவிட்டன. இது மட்டும் அப்படியே கிடந்தது.

பொறுக்கமுடியாமல் அதீபாவை வீட்டுக்கு வரச் சொல்லி, எடுத்துவந்ததை ஒப்புக்கொண்டாள். அதீபா கோபித்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்து குச்சியைப் பிளந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த புகழேந்தியும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே குளவிக்குஞ்சு காய்ந்து சுருண்டு கிடந்தது.

"நான் எடுத்தாந்ததாலயாம்மா?" என்றாள் சிந்துஜா.

"இல்லக்கா. தாய்க்குளவி, குஞ்சு சாப்புட புழுவப் புடிச்சு வச்சுட்டுத்தான் மூடும். அந்தப் பக்கம் கூட்டுல ஏழெட்டு இருக்கும். இதுல ஒரே ஒரு புழுவோட தோல்தான் இருக்கு. தாய்க்குளவியால ரொம்ப தூரம் போகமுடியாது. சவுக்குல தேடிப் பாத்திருக்கு, கெடைச்சத வச்சு மூடிட்டுப் போயிருக்கு. இது பசியில செத்திருக்குக்கா."

யாரும் புகழேந்தியைக் குற்றம் சொல்லவில்லை. அவனாகவே, அங்கே எதுவும் வரக்கூடாது என்றுதான் அந்த மரத்தை வைத்தேன் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சிந்துஜா அந்தக் குஞ்சை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அழுதாள். மகளை எடுத்துப் போன அன்றைக்கு அழுதது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அப்படி அழுதாள்.

"நம்ம கொழந்தைய கதண்டு கொன்னுச்சு. இத நாமதாங்க கொன்னோம்."

சவுக்கை வெட்டிவிட்டு, முன்னே இருந்த மாதிரி எல்லாவற்றையும் கலந்து வைக்கலாம் என்றாள். வெட்டினால் அந்த 'ம்ம்ம்' சத்தமும் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"பூ வந்தா கதண்டும் வரும், சிந்து."

"வரட்டுங்க."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.