பங்களாவுக்குப் போகாத உரம்

இலங்கையில் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 2006இல் மண்புழு உரக் கொட்டகை போட்டார்கள். கோழிப்பண்ணைக் கழிவு லொறியில் வந்தது. புழு தின்று கழித்ததைப் பன்னிரண்டு பெண்கள் வெறுங்கையால் சலித்தார்கள். "புழு வயித்துல போயி வந்தா எல்லாம் சுத்தம்" என்று வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். உரத்தில் மழை நனைந்த மண்வாசம்தான் வந்தது. நம்பினார்கள்.

ஆடியில் சல்லடைக் கம்பி அவர்களில் ஒருத்தியான பெரியாயியின் வலது ஆள்காட்டி விரலைக் கீறியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். விரல் கறுத்தது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் இரகுநாதன் சீழைச் சோதித்தார். நான்கு மருந்துகளுக்குக் கிருமி அசையவில்லை. ஐந்தாவது மருந்து அதை அடக்குவதற்குள் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த விரல் இல்லாமல் கொழுந்து கிள்ள முடியாது. கொட்டகையிலும் அவள் பேரை வெட்டிவிட்டார்கள்.

"எதுக்குள்ள கை வச்சு வேலை செய்யிறனீங்கள், அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"புழு ஒரத்துலங்க."

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் தோட்டக்காரனாக இருந்த அவள் புருஷன் வீரய்யா டாக்டரிடம் ஒரு பை உரம் கொண்டுவந்தான். சோதித்துப் பார்த்தபோது அதில் கோழி மருந்தின் மிச்சமும் தீனியில் கலக்கும் செம்புச் சத்தும் அதே கிருமியும் இருந்தன.

"கோழித் தீனியில மருந்து போட்டுப் போட்டு, அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சியிருக்கு" என்றார் டாக்டர். "அந்தச் சக்தியை மற்றக் கிருமிகளுக்கும் குடுக்கும். புழு அதை அழிக்கேல்ல."

வீரய்யா தலைகுனிந்தான். "சித்திரையில தொரைக்கு ஏதோ சோதன காயிதம் வந்துச்சுங்க. அன்னையிலயிருந்து பங்களாத் தோட்டத்துக்கு இத போடக் கூடாதுன்னாரு. நல்ல ஒரத்த நம்மளுக்கே விட்டுட்டாரேன்னு கும்புட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் பெரியாயி.

"சொன்னேனே. நீயுந்தான் கும்புட்ட."

மறுவாரம், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவள் இடது கையில் ஒரு வாளி உரத்தோடு வந்தாள். துரையின் காலடியில் வைத்தாள்.

"கிளவுஸ் போடாதது உன் பிழை" என்றார் துரை.

"பன்னெண்டு பேருக்கு ஒரு சோடிங்க. ஆளுக்கு ஒரு வெரலா போடுறது?" வாளியைக் காட்டினாள். "சித்திரையில வந்த காயிதத்துல என்னா இருந்துச்சுன்னு கேக்கல. சுத்தம்னா ஒருதடவ கைய விடுங்க தொரை."

துரை இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மற்றப் பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள்.

கணக்கப்பிள்ளை கொட்டகைக்குப் பேர் கூப்பிட்டார். ஒருத்தியும் நகரவில்லை.

"மொதல்ல பெரியாயி பேர கூப்புடுங்க" என்றது ஒரு குரல். "சல்லடை கெடக்கட்டும்."