லென்ஸ் மாப்பிள்ளை மதிப்பிட்ட தட்டு

பழைய பீங்கான் தட்டுகளின் வயதைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் மறந்துபோகிற நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார். பழம்பொருள் கடை வைத்திருந்த அவர் சட்டைப்பையில் எந்நேரமும் பூதக்கண்ணாடி இருப்பதால் மாமனார் வீட்டில் அவருக்கு 'லென்ஸ் மாப்பிள்ளை' என்று பெயர்.

அன்று மாமனார் சொத்தைப் பிரித்தார். சொத்தென்றால் சாம்ராஜ்யம் ஒன்றுமில்லை. ஒரு வீடு, அதன் கூடத்துச் சுவரில் நீலப் பறவை வரைந்த ஒரு தட்டு, அவ்வளவுதான். வீடு மூத்த மகளுக்கு, அதாவது லென்ஸின் மனைவிக்கு. தட்டு இளையவளுக்கு. மழைக்கு ஒழுகும் வீட்டைவிடத் தட்டே மேல் என்று அவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

கேட்கமாட்டாளா பின்னே? கல்யாணமான புதிதில் லென்ஸ் மாமனாருக்குக் கொடுத்த தட்டு அது. கூடவே தன் கைப்பட ஒரு சான்றிதழும் எழுதித் தந்திருந்தார்: 'இருநூற்றைம்பது ஆண்டுப் பழமை. விலை ஒரு வீட்டுக்குக் குறையாது.' அந்த வயதில் பீங்கானைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கீழே போட்டால் உடையும் என்பது மட்டும்தான்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

லென்ஸ் தட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். பூதக்கண்ணாடியை வைத்தார்.

நூறு கை மாறிய தட்டின் அடிவிளிம்பில் கீறல்கள் கண்டபடி ஓடும். இதில் எல்லாக் கீறலும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில் நின்றன. யாரோ உப்புத்தாள் போட்டு நிதானமாகத் தேய்த்திருக்கிறான். மேல்பூச்சு விரிசல்களில் இருந்த பழுப்பு, காலம் கொடுத்ததல்ல. தேயிலைத் தண்ணீர் கொடுத்தது. தட்டுக்கு வயது முப்பது இருந்தால் அதிகம்.

வாயை மூடிக்கொண்டால் வீடு அவருக்கு, ஓடு கொழுந்தியாளுக்கு. வாயைத் திறந்தால் இத்தனை வருடப் பெயர் சந்தி சிரிக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு மனசாட்சி உறுத்தியது. பழக்கமில்லாததால் அதை நெஞ்செரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தார்.

"இது போலி" என்றார் கடைசியில்.

கொழுந்தியாள் சிரித்தாள்.

"அத்தான், இதையே கடைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லித்தானே சல்லிசா வாங்குவீங்க? எங்ககிட்டயே அளக்கறீங்களே."

"அது வியாபாரம்மா. இது நிஜம்!"

"அப்ப நீங்க எழுதிக் குடுத்த சான்றிதழ்?"

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எல்லாம் தெரியும்னுதானே பொண்ணு குடுத்தோம்" என்றார் மாமனார், கொஞ்சம் வருத்தமாகவே.

இனி ஒரே வழிதான். "சரி, நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்குங்க. வீட்டை நீ எடுத்துக்கம்மா. தட்டை நாங்க எடுத்துக்கறோம்."

அவ்வளவுதான். கொழுந்தியாள் எழுந்து வந்து தட்டை வெடுக்கென்று பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் புருஷன் வாசல் கதவருகே போய் நின்றுகொண்டான்.

"ஒரு வீட்டையே விட்டுக் குடுக்கறார்னா, இதோட விலை என்னவா இருக்கும்!" என்றாள் அவள், கண் விரிய. "அப்பா, பத்திரத்தைக் குடுங்க முதல்ல."

கையெழுத்தானது. லென்ஸ் பேசப் பேச அவள் இன்னும் அழுத்தி எழுதினாள். தட்டு இரண்டு போர்வைக்குள் புகுந்து குழந்தை மாதிரி ஆட்டோவில் ஏறிப் போனது. அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று லென்ஸுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு பாசமாகப் பார்த்ததில்லை.

"விடுங்க, உங்களால முடிஞ்ச வரைக்கும் பாத்தீங்க" என்றாள். "போலின்னு சொன்னதோட நிறுத்தியிருக்கணும். வீட்டைத் தர்றேன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டீங்க."