படிக்கப் போன காடு

1938ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், அதியமான்கோட்டை நஞ்சப்பன் உழுது ராகி விதைக்கும் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு எழுந்து, நல்லம்பள்ளிப் பயிற்சிக்கூடத்துக்குப் படிக்கப் போய்விட்டது. வண்டிப்பாதை வழியாகத்தான் போனது. எதிரே வந்த உப்பு வண்டிக்காரர் மாட்டை ஓரங்கட்டி வழி விட்டார். வரப்பில் நின்ற வேலாமரமும் கூடவே போனதென்றும், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்றும் அவர் பிறகு சொன்னார்.

அந்தப் பயிற்சிக்கூடம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மழையில் மண் ஓடிப்போகாமல் காப்பது எப்படி, சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போடுவது எப்படி, மரத்தை எங்கே நடுவது என்று குடியானவர்களுக்கு ஆறு மாதத்தில் கற்பித்துச் சான்றிதழ் கொடுப்பது சர்க்கார் துறையின் ஏற்பாடு. கற்பிக்க வந்த ஓவர்சீயர் வைத்திலிங்கம் தஞ்சாவூர்க்காரர். தண்ணீர் வாய்க்காலில் வரும், பூமி தட்டையாகக் கிடக்கும் என்று நம்பி வளர்ந்தவர். சரிவு என்பதை அவர் முதன்முதலில் பார்த்தது, தன் கையாலேயே கரும்பலகையில் வரைந்தபோதுதான். உழவு நேரமாதலால் ஒரு குடியானவனும் வகுப்புக்கு வரவில்லை. சித்தேரி மலையிலிருந்து வந்த கரியன் என்பவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவனும் தானாக வந்தவன் இல்லை. அவன் மலையில் சாமை விதைத்த இடத்தைத் துறை வளைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக இந்தப் படிப்பைக் கொடுத்திருந்தது. இரண்டு பேராவது சேராவிட்டால் கூடத்தை மூடும்படி மேலிடத்துத் தாக்கீது வந்த மறுநாள் காடு வந்து சேர்ந்தது. வைத்திலிங்கம் அதை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதிவேட்டில் பெயருக்கு நேரே சர்வே எண்ணை எழுதினார், தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார், ஆஜர் என்று குறித்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.

அன்று ஏரும் மாடுமாகப் போன நஞ்சப்பன் கண்டது ஆளுயரப் பள்ளமும் அடியில் பாறையும்தான். பெண்டாட்டி ஓடிப்போனவனைப் பார்த்திருக்கிறோம், காடு ஓடிப்போனவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஊர் சிரித்தது. அவன் மாட்டைக்கூட அவிழ்க்காமல் நல்லம்பள்ளிக்கு நடந்தான்.

"சாமி, அது என் காடுங்க. ஆடி பொறக்கப் போவுது, ராகி வெதைக்கோணும். அனுப்பி வெய்யிங்க" என்றான்.

"படிக்கிறதை நடுவுல கெடுக்கக் கூடாதுய்யா. இவ்வளவு கவனமா உக்காந்து கேக்கிறதை நான் வேற எங்கேயும் பாக்கலை" என்றார் வைத்திலிங்கம்.

நஞ்சப்பன் காட்டின் ஓரத்தில் நின்று, மாட்டைக் கூப்பிடுவதுபோல் அதைக் கூப்பிட்டுப் பார்த்தான். காடு அசைந்தது. அவன் நின்ற பக்கத்திலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. இதை அவன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி செல்லம்மாளிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்: "பதினெட்டு வருசமா மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு ஓட்டுனீங்க. அப்புடி ஓட்டுனாத்தான் மாட்டுக்கு லேசுன்னீங்க. ஒவ்வொரு மழைக்கும் அது தோலு உரிஞ்சு ஓடுச்சு. நாஞ் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்னீங்க. அது வேற யாருகிட்டப் போயிச் சொல்லும்?" ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. இருவரும் ரோட்டுக்குச் சரளை உடைக்கும் கூலிக்குப் போனார்கள்.

மார்கழியில் பரீட்சை நடந்தது. மண்ணரிப்பு என்றால் என்ன என்ற கேள்விக்குக் கரியன், "மழை பேயறப்ப மலைக்கு வாங்க, காட்டறேன்" என்று பதில் சொல்லி சைபர் வாங்கினான். அவன் பாட்டன் காலத்திலிருந்து கல் அடுக்கி மண்ணை நிறுத்திவந்த குடும்பம் அது. ஆனால் அதற்குப் பாடப்புத்தகத்தில் என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. காட்டின் மேல் வைத்திலிங்கம் பத்துக் குடம் தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டும் வழிந்து ஓடவில்லை. முதல் வகுப்பில் தேர்ச்சி என்று எழுதி, சான்றிதழை வேலாமரத்தில் ஆணியடித்து மாட்டினார். நஞ்சப்பன் மறுபடியும் ஏரோடு வந்தான். ஏரின் கொழு மண்ணில் இறங்கவில்லை. சான்றிதழ் பெற்ற நிலத்தைச் சான்றிதழ் இல்லாதவன் தொடக் கூடாது என்பது விதி என்றார் வைத்திலிங்கம். அப்படி ஒரு விதி அதுவரை இல்லை. அன்று சாயங்காலமே எழுதிக்கொண்டார். அதன் பிறகு பிறர் பார்த்துப் படிக்கும் மாதிரி நிலமாகக் காட்டை வைத்தார்கள். சேலத்திலிருந்து அதிகாரிகள் வந்து அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் அதில் எதையும் விதைக்கவில்லை.

செல்லம்மாள் சொல்லித்தான் நஞ்சப்பன் நாற்பத்தாறாம் வயதில் கூடத்தில் சேர்ந்தான். கரியன் பக்கத்தில் உட்கார்ந்தான், கரியனோடு சேர்ந்து இரண்டு வருஷம் தோற்றான். எழுத்து அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் இருவரும் கூடத்தின் பின்னால் போவார்கள். அங்கே குவித்த மணலில் கரியன் ஒரு குச்சியால் மேட்டுக்குக் குறுக்கே கோடு இழுப்பான்; நஞ்சப்பன் அதைப் பார்த்து இழுப்பான். 1942இல் அதிகாரிகளையெல்லாம் யுத்த வேலைக்கு அழைத்துக்கொண்டதால், இருந்தவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று எழுதிக் கூடத்தை மூடினார்கள். அவசரத்தில் இரண்டு பெஞ்சுகளும் தேர்ச்சி பெற்றன. கரியன் தன் சான்றிதழைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினான். வளைத்த இடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கே அவனைக் காவல் போட்டார்கள்.

நஞ்சப்பன் சான்றிதழை வாங்கக்கூட நிற்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டின் மேல்கோடிக்குப் போனான். சரிவுக்குக் குறுக்கே ஏரைத் திருப்பினான். "தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்று மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேழியை அழுத்தினான். கொழு இறங்கியது. ஒரே ஒரு உழவுச் சால் ஓட்டினான். மாட்டைத் திருப்பிக்கொண்டு அவன் அதியமான்கோட்டைக்கு நடந்தபோது, காடு பின்னாலேயே வந்தது.

வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. நாலு வருஷ மழையில் பழைய பள்ளம் நிரம்பி ஏரியாகி, கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. ஊர் மாடெல்லாம் அங்கேதான் தண்ணீர் குடித்தன. பயிற்சியின் பயனாக அமைந்த ஏரி என்று துறையின் ஆண்டறிக்கையிலும் அது ஏறியிருந்தது. நாலு வருஷத்தில் துறை காட்டிய ஒரே பயன் அதுதான். காடு ஒரு பகல் முழுக்கக் கரையில் நின்றது. பிறகு ஏரிக்கு மேற்கே சர்க்கார் புறம்போக்கில் ஏறிப் படுத்துக்கொண்டது.

மூன்றாம் மாதம் தாலுகா ஆபீசிலிருந்து ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. புறம்போக்குக்குள் புகுந்தது நிலமே தவிர நஞ்சப்பன் அல்ல என்பதால், நோட்டீஸ் நிலத்தின் பெயருக்கே வந்திருந்தது. செல்லம்மாள் அப்போது சாலில் அவரை விதை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நெலந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோணும். படிச்ச நெலம்னு எழுதியிருக்குது" என்றான் நோட்டீஸ் கொண்டுவந்த சேவகன்.

"படிச்சதுதானுங்க. கை மட்டும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஈரச் சாலில் பெருவிரலைக் குத்தி எடுத்து, காகிதத்தில் செம்மண்ணால் கைநாட்டு வைத்தாள்.

"செவப்பு மையில ஆபீசருங்கதானே போடுவாங்க?"

"அப்ப அது ஆபீசராயிருச்சுன்னு வெச்சுக்குங்க."

சேவகன் காகிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தான். கைநாட்டு சரியாகத்தான் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அந்த வருஷம் ராகியும் அவரையும் நன்றாக விளைந்தன. ராகி இந்தப் பஞ்ச காலத்தில் என்ன விலை போகிறது என்றுதான் ஊரார் கேட்டார்களே தவிர, காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. 1948இல் மறுஅளவைக்கு வந்தவர்கள் அதை இருந்த இடத்திலேயே அளந்தார்கள். இடம் மாறியதற்குக் காரணம் என்ற பத்தியில் "படிப்பு" என்று எழுதிக்கொண்டு, சங்கிலியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள்.